பாதியில் நிறுத்திய ஆன்லைன் நோட்டரி அமர்வின் பதிவை எப்படிக் காப்பது?

குழுவிலுள்ள நோட்டரிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் வணக்கம். நான் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், காணொளி வழியாகக் கையொப்பங்களுக்குச் சான்றளிக்கும் ஆன்லைன் நோட்டரியாகப் பணியாற்றுகிறேன்.

சென்ற வாரம், வேறொரு மாநிலத்தில் வசிக்கும் முதிய பெண்மணி ஒருவர், தம் வீட்டை மகன் பெயருக்கு மாற்றும் பத்திரத்தில் கையொப்பமிட இணைந்தார். சான்றளிப்பு புளோரிடா நோட்டரியால், இம்மாநிலச் சட்டப்படி நடைபெறுவதையே அவர் விரும்புகிறார் என்பதை, சட்டம் கோருகிறபடி, அவர் வாயாலேயே சொல்லக் கேட்டுக்கொண்டேன். அடையாள அட்டைச் சரிபார்ப்பும் முடிந்தது. ஆனால், அவரை இன்னார் என்று உறுதிசெய்வதற்கான சொந்த விவரக் கேள்விகள் தொடங்கியதும், திரையில் தெரியாத ஓர் ஆண்குரல் விடைகளை மெதுவாக எடுத்துக்கொடுத்தது. அந்த அம்மா ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் பார்த்துவிட்டே பேசினார். நான் அமர்வை நிறுத்திவிட்டேன். ஒரு சான்றளிப்புக்கு 25 டாலருக்கு மேல் பெற முடியாத பணிதான் இது. எனினும் ஒருவருடைய வீடே இதைச் சார்ந்திருக்கிறது.

தடைபடாத, திருத்தப்படாத ஒலி-ஒளிப்பதிவையும் மின்னணுப் பதிவேட்டையும் 10 ஆண்டுகள் காக்க வேண்டும் என்கிறது 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம். சான்றளிக்காமல் நிறுத்திய அமர்வுக்கும் இக்கடமை பொருந்துமா? மறுத்ததற்கான காரணத்தைப் பதிவேட்டில் எவ்வளவு விரிவாக எழுதுவது? அந்த அம்மாவைத் தனியறையில் அமரச்செய்து மீண்டும் அமர்வு நடத்தலாமா, அல்லது முற்றாக விலகுவதே முறையா? இத்தகைய நிலையைச் சந்தித்தவர்கள் தாங்கள் கடைப்பிடித்த நடைமுறையைத் தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.