மெண்டி கப்பலின் மணி: எங்கள் குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

அத்தை (சாட்ஸ்வொர்த், டர்பன்): அனைவருக்கும் வணக்கம். பிப்ரவரி 21 அன்று தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு மெண்டி கப்பலின் மணியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அண்ணா, சற்று விரிவாக எழுதுவீர்களா?

பெரியப்பா: எழுதுகிறேன், தங்கச்சி. 1917 ஜனவரியில் கேப் டவுனிலிருந்து புறப்பட்ட மெண்டியில், முதல் உலகப் போருக்காகப் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட தென்னாப்பிரிக்கக் கறுப்பினத் தொழிலாளர் படையின் 5ஆவது பட்டாலியன் சென்றது. துறைமுகத்திலும் காட்டிலும் உழைப்பதற்காக அழைக்கப்பட்ட அவர்களின் கையில் ஆயுதம் கொடுக்க அன்றைய தென்னாப்பிரிக்க அரசு சம்மதிக்கவில்லை. பிப்ரவரி 21 விடியற்காலையில், இங்கிலாந்தின் வைட் தீவுக்கு அருகே, கடும் மூடுபனியில் வேகத்தைக் குறைக்காமல் வந்த டாரோ என்னும் பெரிய கப்பல் மெண்டியின் பக்கவாட்டில் மோதியது. அரை மணி நேரத்திற்குள் மெண்டி மூழ்கிவிட்டது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். டாரோ அவர்களைக் காப்பாற்ற முன்வரவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. அதன் தலைவருக்குக் கிடைத்த தண்டனை ஓராண்டு உரிமத் தடை மட்டுமே.

கவிதா: மணி எப்படிக் கிடைத்தது, பெரியப்பா?

பெரியப்பா: கப்பல் மூழ்கி நூறாண்டு நிறைந்த 2017இல், பெயர் சொல்லாத ஒருவர் அதைப் பிபிசி செய்தியாளர் ஒருவரிடம் சேர்ப்பித்தார். 2018 ஆகஸ்டில் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே அதைக் கேப் டவுனுக்குக் கொண்டுவந்து தென்னாப்பிரிக்க ஜனாதிபதி ராமபோசாவிடம் ஒப்படைத்தார்.

அத்தை: கப்பல் மூழ்கும்போது அதில் இருந்த டியோபா பாதிரியார் அனைவரையும் சகோதரர்களாக அழைத்துப் பேசினார் என்பதையும், அந்தத் தொழிலாளர்கள் கால்களை ஓங்கி மிதித்து ஆடினார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

பெரியப்பா: தாராளமாகச் சொல்லம்மா, ஆனால் வாய்மொழியாக வந்த செய்தி என்பதையும் சேர்த்துச் சொல். போருக்குப் பின் அவர்களுக்குப் பதக்கம் மறுக்கப்பட்டதை மட்டும் விட்டுவிடாதே, ஏனெனில் அந்த மணியை நாம் மரியாதையுடன் பார்ப்பதற்கு அதுவே பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

தம்பி (பீனிக்ஸ், டர்பன்): 1860இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களின் பட்டியலில் முன்னோரின் பெயரைத் தேடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மெண்டியில் இறந்தவர்களில் பலரின் உடல் கிடைக்காததால், அவர்களின் பெயர்கள் சவுத்தாம்ப்டனின் ஹாலிபுரூக் நினைவிடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் சிலவற்றைப் பிள்ளைகள் உரக்கப் படிக்கட்டும், அக்கா.

அத்தை: அப்படியே செய்கிறேன். பெயர்களைச் சரியாக உச்சரிக்க, கோசா மொழி பேசும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் நாளை கேட்டுக்கொள்கிறேன்.