தண்ணியில இரும்பு பார்க்கப் போன ஆக்கள், உங்கட அனுபவத்தையும் சொல்லுங்கோ

கிண்ணியாப் பொடியன்:
குழாய்க் கிணத்துச் சாம்பிள். பம்ப் பண்ணேக்க தண்ணி பளிங்கு. ஒரு போத்தலுக்கு, இரும்பு மண்டியாகாமல் இருக்க, அங்கேயே நைத்திரிக் அமிலம் விட்டன், மற்றது ஒப்பிடுறதுக்குச் சும்மா. டவுனுக்கு வரேக்கயே சும்மா பிடிச்சதின்ர அடியில செம்மஞ்சள் மண்டி. ஆய்வுகூடத்தில அதைத்தான் 0.45 மைக்ரோன் வடிதாளில வடிச்சு, "கரைந்த இரும்பு கண்டறியப்படவில்லை" எண்டு தாள் தந்தவை. வீட்டுக்கார உம்மா தாளைப் பார்த்தா, காவி பிடிச்ச வாளியைப் பார்த்தா. "அப்ப இது என்ன மகன்?"

உப்புவெளி ரீச்சர்:
தம்பி, அவையில பிழை சொல்லாதேங்கோ. வடிதாளைத் தாண்டினதைத்தான் கரைந்தது எண்டுறம். நிலத்துக்குக் கீழ இரும்பு பெரஸ் எண்ட கரையிற வடிவத்தில கிடக்கும், காத்துப் பட்டதும் பெரிக் எண்ட கரையாத வடிவமாகி மண்டியாகிடும். அதால கிணத்தடியிலயே வடிக்கோணும், பிறகுதான் அமிலம். வடிக்காமல் அமிலம் விட்டால் களித்துணிக்கையில இருக்கிற இரும்பும் கரைஞ்சு கணக்கில ஏறிடும். போத்தலை முன்கூட்டியே அமிலத்தில ஊற வையுங்கோ. இரும்போட சேர்ந்து நிறம் தாற மருந்து போட்டு அளக்கிறதெண்டால் முதல்ல அஸ்கோபிக் அமிலம் போட்டுப் பெரசாக்கோணும். அந்த மருந்து பினாந்திரோலின் எண்டால் 510 நனோமீற்றர் அலைநீள ஒளியில அளக்கோணும், பெரோசீன் எண்டால் 562. வெற்று மாதிரியையும் (சாம்பிள் இல்லாமல் சுத்தத் தண்ணியில அதே மாதிரிச் செய்து பார்க்கிறது) மறக்காதேங்கோ. லீற்றருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டினாலே உடுப்பில கறை பிடிக்கும். என்ர அனுபவம் பெரிசா ஒண்டுமில்லை, வகுப்பில செம்மஞ்சள் நிறம் வந்ததும் பிள்ளையள் கை தட்டினவை, அவ்வளவுதான்.

மூதூர் வள்ளம்:
நீங்கள் மில்லிகிராமுக்குச் சண்டை பிடிக்கிறியள். திறந்த கடல் மேல்தண்ணியில இரும்பு லீற்றருக்கு ஒரு நனோமோலும் வராது, அது 56 நனோகிராம்! 1980களில கடல் ஆய்வாளர் ஜோன் மார்ட்டின் ஆக்கள் சுத்தமாய் அளக்கத் தொடங்கும்வரைக்கும் பழைய எண்ணுகள் கனக்க கப்பல் கறள்தான். கொட்டியாரக்குடா தாண்டிப் போய்ப் பிடிச்சம். வள்ளக்கார அண்ணை நங்கூரச் சங்கிலி இழுத்த கையோட, பாசத்தில, போத்தல் வாயைச் சாரத்தால துடைச்சு நீட்டினார். என்னத்தைச் சொல்ல? நன்றி அண்ணை எண்டு வாங்கினன்.

புல்மோட்டை:
எங்கட கரையே கறுப்பு மணல். ஒரு ஐயா கையில அள்ளிக் காட்டி, "இதால தான் தம்பி கிணத்தில இரும்பு" எண்டார். அந்தக் கறுப்பு மணலில உள்ள இல்மனைற் எண்ட கனிமத்தில இரும்பு இருக்குத்தான், ஆனா சும்மா தண்ணியில லேசில கரையாது. அவர் கிணத்துக்குள்ள இறக்கியிருந்த பைப்பை விரலால சுரண்டினன், கறள் செதில் செதிலா விழுந்தது. மணலையே காட்டிக்கொண்டு நிண்டார் மனிசன். ரீச்சர், இவ்வளவு எழுதினீங்கள், பைப்பில நிண்ட பழைய தண்ணியை முதல்ல ஓட விட்டிட்டுப் பிடிக்கோணும் எண்டதை ஏன் எழுதேல்ல?