ஸ்டாலுக்குத் தமிழ் என்ன? சனிக்கிழமைக்குள் வேண்டும்

நாகமலை டீச்சர், புதன் இரவு

குழுவினருக்கு வணக்கம். ஒரு அவசரம். எங்கள் பள்ளி ஆண்டு மலரில் பழைய மாணவர் பக்கம் என்று ஒன்று உண்டு. இந்தத் தடவை ஒரு அக்காவும் தம்பியும் எழுதியிருக்கிறார்கள், உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள். அக்கா இன்டர்வென்ஷனல் ரேடியாலஜியில் (ஸ்கிரீனில் படம் பார்த்துக்கொண்டே நாளத்துக்குள் குழாய் விட்டுச் செய்கிற சிகிச்சை) ஆய்வு செய்கிறாள். தம்பி ஜெட் இன்ஜின் கம்ப்ரஸருக்குள் காற்று எப்படிப் போகிறது என்று பார்க்கிறான். இரண்டையும் ஆங்கிலத்தில் அனுப்பிவிட்டு, "டீச்சர், நீங்களே தமிழாக்கிருங்க, அப்பா படிக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். அப்பா ஊர்க் கண்மாய்க்கு நீர்க்கட்டியாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் திறந்து அடைக்கிற ஆளாக, இருந்தவர். எட்டாவதுதான் படிப்பு, ஆனால் தினமும் பேப்பரை விளம்பரம் வரைக்கும் வாசித்துவிடுவார்.

சனிக்கிழமை மதியம் அச்சுக்குப் போகிறது. நான் மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். அக்கா எழுதியது எம்போலைசேஷன் பற்றி: ரத்தம் கசிகிற இடத்துக்கோ ஒரு கட்டிக்கோ போகும் நாளத்தை உள்ளேயிருந்து வேண்டுமென்றே அடைப்பது. தம்பி எழுதியது ஸ்டால் பற்றி: காற்று வேண்டாத நேரத்தில் ஓட்டம் குலைந்து நின்றுபோவது. காற்று ஓடுவதற்குக் "காற்றோட்டம்" என்றும், இவை இரண்டுக்கும் "அடைப்பு" என்றும் போட்டுவிட்டேன். என் மகள் படித்துவிட்டு, "அக்கா அடைக்கிறாங்க, தம்பி அடைச்சதை எடுக்கப் பாக்குறாரு, ஒரே வீட்டுல இப்படியா?" என்கிறாள்.

ஸ்டாலை ஸ்டால் என்றே விட்டுவிடலாமா என்றும் பார்த்தேன். தம்பி சொல்கிற ரொட்டேட்டிங் ஸ்டாலைச் "சுழலும் ஸ்டால்" என்று எழுதினால் தமுக்கம் பொருட்காட்சியில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் டெல்லி அப்பளம் விற்கிற கடைதான் ஞாபகம் வருகிறது.

மேலூர் ஐயா, வியாழன் விடியற்காலை

அம்மா, முதலில் அந்தக் "காற்றோட்டம்" என்பதை எடுங்கள். கம்ப்ரஸருக்குள் காற்றோட்டம் என்றால் சன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள்படும். வளியோட்டம் என்று போடுங்கள். "வளிதொழில் ஆண்ட உரவோன் மருக" என்று புறநானூற்றின் 66ஆம் பாட்டில் கரிகாலனைப் பாடுகிறார் வெண்ணிக்குயத்தியார். காற்றை வேலை வாங்கிய முன்னோனின் வழிவந்தவனே என்று! கம்ப்ரஸர் செய்வதும் அதைத்தானே?

ஸ்டாலுக்கு வருவோம். ஆங்கிலத்தில் அது மாட்டுத் தொழுவத்துச் சொல். மாடு கட்டுத்தறியில் நிற்பதிலிருந்து, வண்டி நிற்பதற்கும் காற்று நிற்பதற்கும் வந்து சேர்ந்தது. அவர்கள் தொழுவத்திலிருந்து எடுத்தால் நாம் குறளிலிருந்து எடுக்கலாம். "நாச்செற்று விக்குள்மேல் வாராமுன்" என்கிறது 335ஆம் குறள். விக்குள், விக்கல் இரண்டும் ஒன்றுதான். போய்க்கொண்டிருப்பது தடைப்பட்டு எகிறுவது. சுழல் விக்குள். ஓசையும் நன்றாக இருக்கிறது.

திருநகர், வியாழன் காலை

ஐயா மன்னிக்கணும். அந்தக் குறள் சொல்வது சாகும்போது வருகிற விக்கல் அல்லவா? விமானக் கட்டுரையில் அதைப் போட்டால் அந்தப் பையனை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

அப்புறம் வளி. சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்று மூன்று உண்டு. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் "சுழல் வளி" என்று கண்டால் வாயுப் பிடிப்பு என்று நினைத்து ஓமத்தண்ணி குடிக்கச் சொல்வார்கள்.

திருப்பரங்குன்றம், வியாழன் மதியம்

மெக்கானிக்கல் வகுப்பு எடுப்பவன் என்கிற முறையில் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல் பிறகு வரட்டும்.

கம்ப்ரஸர் என்பது காற்றை மேட்டுக்கு ஏற்றுகிற வேலை. அழுத்தம் குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்குத் தள்ளுகிறது. காற்றுக்குத் தானாக அங்கே போக விருப்பமில்லை. அதனால் வரிசை வரிசையாக ரெக்கைகள் வைத்துப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். (பாடநூலில் அலகு, இதழ் என்றெல்லாம் பார்த்திருக்கிறேன். என் மாணவர்கள் ஃபேனுக்குச் சொல்கிற மாதிரி ரெக்கை என்றுதான் சொல்கிறார்கள். எனக்கும் அதுவே பிடித்திருக்கிறது.) உள்ளே வருகிற காற்று குறைந்தால் அது ரெக்கையில் வந்து மோதுகிற கோணம் கூடிவிடும். ஒரு அளவுக்கு மேல் கூடினால் காற்று ரெக்கையின் முதுகோடு ஒட்டிப் போகாமல் பிய்த்துக்கொண்டு குழம்பும். அதுதான் ஸ்டால்.

சுவாரஸ்யம் இனிமேல்தான். எல்லா ரெக்கைக்கும் ஒரே நேரத்தில் இது வருவதில்லை. ஒரு இடுக்கு அடைபட்டால் அங்கே நுழைய முடியாத காற்று இரண்டு பக்கமும் ஒதுங்கும். ஒரு பக்கத்து இடுக்கில் மோதும் கோணம் கூடும், மறுபக்கத்தில் குறையும். கூடிய பக்கம் அடைபடும், குறைந்த பக்கம் தேறிவிடும். இப்படியே அந்த அடைப்பு சுற்றி வரும், ஏறக்குறைய ரோட்டர் (சுழலும் ரெக்கை வரிசை) சுற்றுவதில் பாதி வேகத்தில். 1955இல் எம்மன்ஸ் என்பவரும் கூட இருந்தவர்களும் கொடுத்த விளக்கம் இது. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று கோரிப்பாளையம் பக்கம் போனவர்களுக்கு உடனே புரியும். ஒரு சந்து நெரிந்தால் கூட்டம் அடுத்த சந்துக்குத் திரும்பும், அது நெரியும், அதற்குள் முதல் சந்து விட்டுவிடும். நிற்கிற ஆள் யாரும் அங்கேயே நிற்கவில்லை, ஆனால் நெரிசல் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

அதனால் ஸ்டாலுக்குத் "தேக்கம்" என்று யாராவது சொன்னால் ஆகாது. தேங்கினது நகராது. தவிர தேக்க அழுத்தம் என்று வேறொன்றுக்கு ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிறோம், மாணவன் குழம்புவான். விக்கலும் ஆகாது. விக்கல் விட்டு விட்டு வருவது. சுழல் ஸ்டால் ஒருமுறை பிடித்தால் விடாமல் இருக்கும். விட்டு விட்டு வருவது சர்ஜ்: மொத்தக் காற்றும் முன்னுக்கும் பின்னுக்கும் அடிக்கும், டமார் என்று சத்தம் வரும், சில நேரம் முன்வாய் வழியாக நெருப்பே வெளியே வரும். ஐயாவின் விக்குளை வேண்டுமானால் அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

என் யோசனை: ஸ்டாலுக்குத் திணறல். சுழல் திணறல்.

மேலூர் ஐயா, வியாழன் மாலை

திணறல்! திண் என்னும் வேர். திண்மை, திணி, திணிவு எல்லாம் அதன் கிளைகள். நெருக்கிச் செறிவதால் வரும் துன்பமே திணறல். இலங்கைப் பாடநூல்களில் நாம் நிறை என்பதைத் திணிவு என்பார்கள். ஆக, காற்று செறிந்து துன்புறும் கம்ப்ரஸருக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடையாது. திண்டாட்டமும் இங்கேதான் வரும் என்பது என் எண்ணம். திண்ணையும் கூட...

திருநகர், வியாழன் இரவு

திண்ணையை விட்டுவிடுவோம் ஐயா, நாளை மறுநாள் அச்சு.

நான் கேத் லேப் (நாளத்துக்குள் குழாய் விட்டுச் சிகிச்சை செய்கிற அறை) டெக்னீஷியன். அக்கா கட்டுரை பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். 1953இல் ஸ்வீடனில் செல்டிங்கர் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: ஊசி குத்து, ஊசிக்குள் கம்பி விடு, ஊசியை எடு, கம்பி மேல் குழாயை ஏற்று. இன்றைக்கும் தினமும் செய்வது அதுதான். 1964 ஜனவரியில் அமெரிக்காவில் டாட்டர் என்பவர், காலை எடுக்க விடமாட்டேன் என்று சொன்ன 82 வயதுப் பாட்டியின் கால் நாளத்தை இப்படி உள்ளே போய் அகலப்படுத்தினார். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ ஒரு சின்ன ஓட்டை, மற்றதெல்லாம் ஸ்கிரீனைப் பார்த்துத்தான். டீச்சர் இந்தக் குழாய்க்கு, அதாவது கதீட்டருக்கு, "வடிகுழாய்" என்று போட்டிருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். வடிகுழாய் என்றால் மூத்திரப் பை. இங்கே எதுவும் வடிவதில்லை. மருந்து, சாயம், பிளாட்டினக் கம்பிச்சுருள் எல்லாம் உள்ளேதான் போகிறது. துறைப் பெயருக்கும் "தலையீட்டுக் கதிரியல்" வேண்டாம். கட்சிக்காரர் யாரோ தலையிட்ட மாதிரி இருக்கிறது. இடையீட்டுக் கதிரியல் தேவலை.

எம்போலைசேஷனுக்கு "அடைப்புச் சிகிச்சை" என்றால் என்ன ஆகும் தெரியுமா? எங்களிடம் வருகிறவர்கள் எல்லாம் "அடைப்பை எடுக்க வந்திருக்கோம்" என்றுதான் சொல்வார்கள்.

மேலூர் ஐயா, வெள்ளி விடியற்காலை

திருநகர்த் தம்பி சொன்னதில் நல்ல இலக்கணம் இருக்கிறது. தலைவலி மாத்திரை என்றால் தலைவலியைப் போக்கும் மாத்திரை. தூக்க மாத்திரை என்றால் தூக்கத்தைத் தரும் மாத்திரை. இரண்டுமே இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகைதான். பயன் மட்டும் நேர் எதிர். தொகையை விரிப்பவன் தலையில்தான் எல்லாம் இருக்கிறது. நோயாளி தலையில் "அடைப்பு" என்பது ஒரு நோய், ஆகவே "போக்கும்" என்றுதான் விரிப்பான். இதைத் தவிர்க்க வேண்டுமானால் சொல்லிலேயே செய்பவன் தெரிய வேண்டும்.

வாடிப்பட்டி, வெள்ளி காலை

நான் இதுவரை எட்டிப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவன். படிக்கப்போகிற ஆள் நீர்க்கட்டி என்கிறீர்கள். பொதுப்பணித்துறையில் இருபது வருஷம் பெரியாறு வாய்க்காலோடு கிடந்தவன் நான். ஒரு வயலுக்குத் தண்ணீர் போதும் என்றால் மண்வெட்டியால் இரண்டு தட்டு மண்ணை அள்ளி மடையை அடைப்பார்கள். வாய்க்கால் ஓடிக்கொண்டே இருக்கும், அந்த வயலுக்கு மட்டும் போகாது. அந்தப் பிள்ளை செய்வதும் இதுதானே? மடையடைப்பு. அவர் படித்தவுடன், "அட, நாம பாத்த வேலையத்தான் மக பாக்குது" என்பார்.

இன்னொன்று. மடையைச் சட்டென்று அடைத்துவிட்டு மேலேயிருந்து தண்ணீர் விட்டால் கரையை உடைத்துப் பின்னாடி போகும். அங்கேயும் அப்படி உண்டா?

திருநகர், வெள்ளி காலை

உண்டு அண்ணே! அந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான். நாளம் அடைபட அடைபட ரத்தம் மெதுவாகும். அப்போதும் அடைக்க விடுகிற துகளை அழுத்தித் தள்ளினால் பின்னால் திரும்பி வேறு நாளத்துக்குள் போய்விடும். அடைக்கக் கூடாத இடம் அடைபடும். அதனால் சாயம் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே நிறுத்துவார்கள். இந்தப் பின்னோக்கி வருவதற்கு எதுக்களிப்பு என்று போடலாமா? நெஞ்சுக்குப் புளிப்பு ஏறி வருவதை ஊரில் அப்படித்தான் சொல்கிறோம்.

திருப்பரங்குன்றம், வெள்ளி மதியம்

அப்படியானால் சர்ஜுக்குப் புரையேறல். உள்ளே போக வேண்டியது மாறிப்போய் மூக்கு வழியாகப் பீறிடுவது, சத்தத்தோடு. தம்பியின் சர்ஜும் அக்காவின் எதுக்களிப்பும் ஒரே வீட்டு நோய்தான். ஆனால் அவனுடையதில் குழாய் முழுக்க ஊசலாடும், அவளுடையது மெதுவாகத் திரும்பும். இரண்டு சொல் இருப்பதுதான் நல்லது.

மேலூர் ஐயா, வெள்ளி மாலை

மடையடைப்பு எனக்கு உடன்பாடு. ஆனால் மடை என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. மடை திறப்பவனே மடையன், அவன் உயிரைப் பணயம் வைத்து மதகைத் திறந்த வீரன் என்று இப்போதெல்லாம் பரப்புகிறார்கள். பழைய வழக்கில் மடையன் என்றால் சமையற்காரன். மீனாட்சி கோயிலில் மடைப்பள்ளி எது என்று கேட்டுப் பாருங்கள். நளன் செய்தது மடைத்தொழில். திட்டும் சொல் மடமையிலிருந்து வந்தது, அது வேறு...

வாடிப்பட்டி, வெள்ளி இரவு

ஐயா, மதகுக்குள் முங்கித் திறந்தவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சொல் எங்கேயிருந்து வந்தால் என்ன.

நாகமலை டீச்சர், சனி காலை

சண்டை வேண்டாம். முடிவு செய்துவிட்டேன், நேரமில்லை. எம்போலைசேஷன் மடையடைப்பு (நான்கு பேர் சரி, மறுப்பு இல்லை). ஸ்டால் திணறல் (மூன்று பேர், ஐயா வேருக்காகப் பாதி வாக்கு). சர்ஜ் புரையேறல். வளி வேண்டாம், காற்றுப் பாய்வு. கதீட்டர் கதீட்டராகவே இருக்கட்டும், "செலுத்துகுழாய்" எழுதும்போதே நாக்கு சுளுக்குகிறது. கம்ப்ரஸரும் அப்படியே, எல்லார் வீட்டு ஃபிரிட்ஜிலும் இருக்கிறது.

ஒரு சங்கடம் இப்போதுதான் கண்ணில் பட்டது. முன்னுரையில் "இவர்களின் தந்தை நீர்க்கட்டியாக இருந்தவர்" என்று எழுதியிருக்கிறேன். நாலு வரி தள்ளி அக்கா கட்டுரையில் "ஈரலில் நீர்க்கட்டி" வருகிறது. இதை என்ன செய்வது?

திருநகர், சனி காலை

அப்பாவை மாற்ற முடியாது, ஈரலில் உள்ளதை மாற்றுங்கள். நீர்ப்பை என்று போடலாம்.

மேலூர் ஐயா, சனி முற்பகல்

என் வாக்கு பாதியல்ல, எதிர்வாக்கு. வேரைத்தான் புகழ்ந்தேன், சொல்லை ஏற்கவில்லை. திணறல் என்றால் மூச்சுக்குத்தான் என்று மனம் போகும். விக்குள் என்று பதிவு செய்து வையுங்கள், அடிக்குறிப்பிலாவது.

நாகமலை டீச்சர், சனி இரவு

அச்சகத்திலிருந்து கடைசிப் புரூஃப் வந்தது. தம்பி கட்டுரையில் ஏழு இடத்தில் "திணறல்" என்றிருந்ததை, பிழை திருத்துகிற அம்மா நான் எழுத்தை விட்டுவிட்டேன் என்று நினைத்து "மூச்சுத்திணறல்" ஆக்கிவிட்டிருக்கிறார். ஆறை மாற்றிவிட்டேன். ஏழாவது தலைப்பில் இருந்தது, அதற்குள் பிளேட் போட்டுவிட்டார்கள்.

ஐயா, நீங்கள் இன்னும் ஒன்றும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.