"உப்பு கூடிப்போச்சு"ன்னு சொன்னேன், ரசத்துல உப்பை நிறுத்திட்டாங்க

நைட் டியூட்டி:
2019-ல எம்.பி.பி.எஸ். சேர்ந்த பேட்ச் நான். புதுப் பாடத்திட்டத்தோட 'ஏட்காம்' வந்ததும் எங்க பேட்ச்லதான். நோயாளிகிட்ட எப்படிப் பேசணும், நெறிமுறை எல்லாம் அதுல அடக்கம். எங்களுக்கு அது தூங்குற கிளாஸ். லாக்புக்ல ஒருத்தன் எழுதுவான், இருபது பேர் காப்பி அடிப்போம். தமிழ்தானே, பேசத் தெரியாதான்னு ஒரு நினைப்பு.

ஹவுஸ் சர்ஜனா மெடிசின் வார்டுல இருந்தப்போ, வியாசர்பாடியில இருந்து ஒரு பெரியவர். கிட்னி வடிகட்டி வெளியேத்த வேண்டிய கழிவு கிரியாட்டினின், ஒண்ணு பக்கம் இருக்க வேண்டியது, அவர் ரத்தத்துல 6. "உப்பு கூடிப்போச்சும்மா, டயாலிசிஸ் தேவைப்படலாம், அடுத்த வாரம் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க"ன்னு அவர் சம்சாரத்துகிட்ட சொன்னேன். யூரியா, கிரியாட்டினின்னு இந்தக் கழிவுகளை நாங்க உப்புன்னுதான் சொல்வோம். அவங்க வரல. ஒரு மாசம் கழிச்சு ராத்திரி கேஷுவாலிட்டிக்கு வந்தாங்க. அவருக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்குது. ஏம்மா வரலைன்னு கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன்.

"நீதானே தம்பி உப்பு கூடிப்போச்சுன்ன? ரசத்துல கூட ஒரு கல்லு போடல. அதான் சரியாயிடும்னு இருந்தோம்."

(கிட்னி நோயாளிக்குச் சாப்பாட்டு உப்பையும் குறைக்கச் சொல்வோம். குழப்பம் டபுள்.)

இப்பல்லாம் "ரத்தத்துல கழிவு தேங்குது, கிட்னி வடிகட்டல"ன்னு சொல்லிட்டு, "வீட்ல பையன் கேட்டா என்னன்னு சொல்வீங்க?"ன்னு கேப்பேன். அவங்க திருப்பிச் சொல்றதைக் கேட்டுப் பாதி நாள் அசடு வழியறேன். இதைத்தான் அந்தக் கிளாஸ்ல சொல்லிக் கொடுத்தாங்களாம். முன் பெஞ்ச் பொண்ணு சொன்னா.

ஓ.பி. சீட்டு:
நைட் டியூட்டி, நீங்க சொல்றது சரிதான். ஆனா வரிசை வாசலைத் தாண்டி நிக்கும்போது அந்தக் கேள்வியை எத்தனை பேர்கிட்ட கேப்பீங்க? காலேஜ்ல எங்களுக்கு 26 வாக்கியம் உள்ள ஒரு படிவம் கொடுத்தாங்க, நோயாளிகிட்ட பேசக் கத்துக்கறதைப் பத்தி மாணவர்கள் என்ன நினைக்கறாங்கன்னு பார்க்க 2002-ல இங்கிலாந்துல உருவாக்கின அளவுகோல். நல்ல டாக்டருக்குப் பேசத் தெரியணுமா? ஆமா. அதைக் கத்துக்க நேரமில்லையா? அதுக்கும் ஆமா. பேசத் தெரியலைன்னு யாரும் டிகிரியில ஃபெயில் ஆக மாட்டாங்கங்கிறதுக்கு யோசிக்கவே இல்ல, டிக். மூணுல எதுவும் பொய்யில்லையே! பரீட்சையில ஒரு நோயாளியைக் காட்டி, இதயத்துல மர்மர், அதாவது வழக்கத்துக்கு மாறான சத்தம், கேட்டுச்சான்னு கேட்டாங்க. அந்தம்மா எதுக்குப் பயப்படறாங்கன்னு இதுவரை ஒரு எக்ஸாமினரும் என்கிட்ட கேட்டதில்ல.

பெரம்பூர் பொண்ணு:
நான் டாக்டர் இல்ல, அம்மாவுக்கு அட்டெண்டரா இருந்தவ. மார்புல கட்டி, பயாப்சி எடுத்திருந்தாங்க. ஒரு சின்னப் பையன் கேஸ் ஷீட்டைப் பார்த்துட்டே "நெகட்டிவ்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டார். அம்மா முந்தானையை வாயில வச்சு அழ ஆரம்பிச்சுட்டாங்க. நெகட்டிவ்னா கெட்டதுன்னுதானே நமக்குத் தெரியும்? எனக்கும் கை நடுங்குச்சு. மூணு பெட் தள்ளிப் போனவர் திரும்பிப் பார்த்துட்டு ஓடி வந்தார். "ஐயோ அம்மா, கேன்சர் இல்லைன்னு அர்த்தம்!" சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிடுச்சு. அப்புறம் டிஸ்சார்ஜ் வரைக்கும் தினமும் வந்து அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போவார்.

நைட் டியூட்டி:
நெகட்டிவா... நேத்து மட்டும் நாலு பேர்கிட்ட சொல்லியிருப்பேன்.