கண்ணுல சாயம் போட்டு பாக்குறது எதுக்கு?

கேள்வி:
ரெண்டு வாரமா கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்தல். டாக்டர் ஒரு ஆரஞ்சு கலர் பேப்பர் துண்ட நனைச்சு கீழ் இமைக்குள்ள லேசா தொட்டாரு, ரூம் லைட்ட அணைச்சுட்டு நீல வெளிச்சத்துல பாத்தாரு, அப்புறம் பச்சை கலர்ல இன்னொரு பேப்பர். வெளிய வந்து மூக்கு சிந்துனா கர்ச்சீப் பூரா மஞ்சள், பயந்துட்டேன். எதுக்கு ரெண்டு சாயம், ஒண்ணு பத்தாதா?

பதில்:
கண் பரிசோதனைதான் என் வேலை, பயப்படாதீங்க. கண்ணீர்க்குழாய் மூக்குக்குள்ளதான் திறக்குது, அடைப்பு இல்லாததாலதான் மஞ்சள் அங்க வந்திருக்கு. ஆரஞ்சு பேப்பர்ல இருக்குறது ஃப்ளோரசின், அடால்ஃப் வான் பேயர்ங்குற ஜெர்மன் வேதியியலாளர் 1871-ல உருவாக்குன சாயம். கருவிழி மேல்தோல் முழுசா இருந்தா அது உள்ள இறங்காது, கீறலோ புண்ணோ இருக்குற எடத்துல மட்டும் ஊறி நீல வெளிச்சத்துல பளிச்சுன்னு பச்சையா தெரியும். கண்ண சிமிட்டாதீங்கன்னு சொல்லிட்டு எண்ணுனாரா? கண்ணீர்ப் படலம் எவ்ளோ நேரத்துல உடையுதுன்னு பாக்குறது அது, 10 செகண்டுக்குள்ள உடைஞ்சா வறட்சியோன்னு சந்தேகப்படுவோம். ரெண்டாவது லிஸ்ஸமைன் கிரீன், நலிஞ்சுபோன, செத்த செல்லுல ஒட்டும், வெள்ளை விழியில நல்லா தெரியும், அதுக்கு சாதா வெளிச்சமே போதும். முன்னாடி ரோஸ் பெங்கால்னு ஒண்ணு நிறைய போடுவாங்க, பயங்கரமா எரியும், பாவம் நோயாளிங்க.

பதில்:
எனக்கு சாயம்தான் கண்ண காப்பாத்துச்சு. அலர்ஜின்னு நெனச்சு வீட்ல கெடந்த ஸ்டீராய்டு சொட்டு விட்டுக்கிட்டே இருந்தேன், சிவப்பு கூடிக்கிட்டே போச்சு, கடைசியில ஃப்ளோரசின் போட்டு ஸ்கிரீன்ல காட்டுனாங்க, கருவிழி மேல பச்சையா ஒரு மரக்கிளை, பிரிஞ்சு பிரிஞ்சு போயி ஒவ்வொரு நுனியிலயும் குட்டி குமிழ். ஹெர்பிஸ் வைரஸ் புண்ணாம், ஸ்டீராய்டு அத வளத்துவிடுமாம். தயவுசெஞ்சு யாரும் தானா எதையும் ஊத்தாதீங்க.

பதில்:
கான்டாக்ட் லென்ஸ் போடுறவங்க கழட்டிட்டுதான் இந்த சாயம் போட்டுக்கணும், சாஃப்ட் லென்ஸ்ல மஞ்சள் ஏறிடுச்சுன்னா போகவே போகாது. ஏன் பேப்பர்னும் ஒரு காரணம் இருக்கு, பாட்டில்ல கரைச்சு வச்ச ஃப்ளோரசின்ல சூடோமோனாஸ் கிருமி சுலபமா வளரும், புண்ணு இருக்குற கண்ணுல அது போனா ரொம்ப மோசம். அடிபட்ட கண்ணுக்கும் இதே சாயம்தான், உள்ள இருந்து தண்ணி கசிஞ்சா மஞ்சள் படலத்த கரைச்சுக்கிட்டு ஒரு பச்சை ஓடை எறங்குறது தெரியும். அப்படி தெரிஞ்சா அவசரம்.

கேட்டவர்:
ஆமா எண்ணுனாரு, அஞ்சோ ஆறோதான் வந்துச்சு! வறட்சின்னுதான் சொட்டு மருந்து குடுத்திருக்காரு. நான் லென்ஸ் போடுறவன், அன்னிக்கு அதிர்ஷ்டவசமா கண்ணாடில போனேன். அடுத்த தடவ போறப்ப எனக்கும் அந்த ஸ்கிரீன்ல காட்டச் சொல்றேன்.