கார் சூடேறுதா? எப்ப ஏறுது என்டு முதல்ல பாருங்க

செங்கலடியிலிருந்து:
கல்முனை பஸாருக்குள்ள ஊர்ந்து போகக்குள்ள டாஷ்போர்ட்டில சூடு காட்டுற ஊசி ஏறி, வெளியால வந்து 60ல ஓடினா இறங்குதென்டா பிழை ஃபேன் பக்கம். ஊருக்குள்ள ஒன்டுமில்லாம, பதுளை றோட்டில பிபிலை தாண்டி லுணுகலை ஏத்தத்தில சூடேறுதென்டா தண்ணி ஓட்டம் காணாது. றேடியேட்டர் அடைப்பு, தேர்மோஸ்டாட் (சூடேறினா திறந்து தண்ணியை றேடியேட்டருக்கு விடுற வால்வு), வாட்டர் பம்ப், இந்த மூன்டையும் பாக்க வேணும். இந்த ரெண்டில எது என்டு பிரிச்சறியாம சாமான் மாத்தத் தொடங்கினா காசுதான் கரையும்.

ஃபேனைச் சோதிக்க ஏசியைப் போடுங்க. பெரும்பாலான கார்ல உடனே சுத்தும். சுத்தாட்டி ஃபியூஸ், ரிலே பாத்து, பிறகு மோட்டருக்கு பற்றறியிலருந்து நேரா 12 வோல்ட் குடுங்க. அப்ப சுத்தினா மோட்டர் நல்லம், பிழை வயரிங்ல. சுத்தியும் சூடேறினா கிறில்லுக்கு முன்னால கடதாசி பிடிங்க. உள்ள இழுக்காம வெளிய தள்ளினா, மோட்டர் மாத்தக்குள்ள ரெண்டு வயரையும் மாறிப் பூட்டியிருக்கு.

அக்கரைப்பற்றிலிருந்து:
வெட்டு மெசின் ஓடுற காலத்தில வயல் றோட்டால போற கார்களுக்கு இன்னொன்டு. ஏசி கண்டென்சருக்கும் றேடியேட்டருக்கும் இடையில வைக்கோல் தூசி போய் அடையும். முன்னால பாத்தா சுத்தமாத்தான் தெரியும். இஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாத் தண்ணி அடிங்க. சேர்விஸ் ஸ்டேசன் பிரஷரைக் கிட்டப் பிடிச்சா தகடு மடங்கிரும், பிறகு காத்தே போகாது.

காத்தான்குடியிலிருந்து:
கடற்கரைப் பக்கக் கிணத்துத் தண்ணியைத் தயவுசெஞ்சி ஊத்தாதீங்க. உப்பு அலுமினியத்தைத் தின்னும், சுண்ணாம்பு குழாய்க்குள்ள படியும். ஓடி வந்த கார்ர றேடியேட்டரை, ஃபேனை நிப்பாட்டிட்டு, கையால தடவிப் பாருங்க. நடுவில மட்டும் குளிரா இருந்தா அந்த இடம் அடைச்சிட்டுது. செறிவான கூலண்டும் (றேடியேட்டருக்கு ஊத்துற குளிர்த்திரவம்) டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி, 4 லீற்றர் பிடிக்கிற காருக்கு 2க்கு 2. பச்சைக் கூலண்டையும் சிவப்புக் கூலண்டையும் கலக்கக்கூடாது. றேடியேட்டர் மூடியையும் பாருங்க. அழுத்தம் 1.1 என்டு அடிச்ச மூடி இறுக்கமா இருந்தா தண்ணி 120 பாகை வரை கொதிக்காது. றப்பர் காய்ஞ்சிட்டா 100லயே கொதிச்சு வெளிய போயிரும்.

கல்முனையிலிருந்து:
அண்ணே, தேர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டா சரி என்டு எல்லாரும் சொல்றாங்களே, உண்மையா?

செங்கலடியிலிருந்து:
இல்ல தம்பி. அது செய்ற கேடு பெரிசு. கனக்க ஜப்பான் இஞ்சின்கள்ல அது திறக்கக்குள்ள பைபாஸ் வழியை மூடும். கழட்டினா பைபாஸ் திறந்தே கிடக்கும். பாதித் தண்ணி றேடியேட்டருக்குப் போகாம இஞ்சினுக்குள்ளயே சுத்தி, ஏத்தத்தில இன்னும் சூடேறும். சம தரையில மறுபக்கம், இஞ்சின் சூடே பிடிக்காம பெற்றோல் கூடக் குடிக்கும்.

சந்தேகமென்டா கழட்டி சட்டித் தண்ணியில போட்டு, தெர்மாமீற்றரோட சூடாக்குங்க. 82 என்டு அடிச்சது அந்தச் சூட்டுக்குக் கிட்டத் திறக்கத் தொடங்கி, 95ல 8 மி.மீ. அளவு திறக்க வேணும். திறக்காட்டி புதுசு போடுங்க. பூட்டக்குள்ள அதில ஆடுற சின்ன ஊசி மேல்பக்கமா இருக்கோணும், இல்லாட்டி காத்து அடையும்.

அம்பாறையிலிருந்து:
ஊசியே இல்லாம, நீலம் சிவப்பு லைட் மட்டும் இருக்கிற கார்கள்ல கவனம். சிவப்பு பத்தினா ஓரமா நிப்பாட்டி இஞ்சினை ஓஃப் பண்ணுங்க. "அடுத்த ஊர் வரைக்கும்" என்டு ஓட்டுறதாலதான் ஹெட் (இஞ்சின்ர மேல்பகுதி) வளையுது. சூட்டோட மூடியைத் திறக்கிறதும், இஞ்சின் மேல பச்சத் தண்ணி ஊத்திறதும் கூடவே கூடாது. முக்கால் மணித்தியாலம் ஆற விடுங்க.

ஆறின இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிசத்துக்குள்ள மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினா, இல்லாட்டி மூடி வாயால குமிழி விடாம வந்தா, ஹெட் கெஸ்கட் (ஹெட்டுக்குக் கீழ இருக்கிற சீல்) போயிட்டுது. கெஸ்கட் மட்டும் மாத்தாதீங்க. ஹெட்டில நேர்க்கோல் வச்சு, இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க. சின்ன இஞ்சின்களுக்குப் பொதுவா 0.05 மி.மீ.க்கு மேல வளைஞ்சிருந்தா லேத் பட்டறையில ஹெட்டின்ர முகத்தைச் சமமா வெட்ட வேணும். போல்ட்டை நடுவிலருந்து வெளிப்பக்கமா, படிப்படியா, இறுக்கத்தை அளந்து காட்டுற டோர்க் றெஞ்சால இறுக்குங்க.

கூலண்ட் நிரப்பக்குள்ள கார்ர முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டரை முழுச்சூட்டில வச்சு, மூடியைத் திறந்தபடி ஃபேன் ரெண்டுதரம் ஓடி நிக்கும்வரை ஐட்லிங்ல விடுங்க. இறங்க இறங்க ஊத்திட்டே இருக்கோணும். அடுத்த நாள் காலமை, ஆறின பிறகு, திரும்பவும் மட்டம் பாருங்க.