மறு: பேலோட், டோயிங் கெப்பாசிட்டி – ‘திறன்’ வேண்டாம், ‘வரம்பு’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கப் பிக்கப் வண்டிகளை ஒப்பிடும் அட்டவணைக்குத் தமிழ்த் தலைப்புகள் கேட்ட மடலையும், அதற்கு வந்த பதில்களையும் படித்தேன். பேலோட் என்பது வண்டி தன்மேல் ஏற்றக்கூடிய எடை, டோயிங் கெப்பாசிட்டி என்பது பின்னால் கோத்து இழுக்கக்கூடிய டிரெய்லரின் எடை. பெரும்பாலோர் இந்தப் பரிந்துரையின் பக்கம் சாய்கிறார்கள்:

> பேலோட் – சுமைதிறன், டோயிங் கெப்பாசிட்டி – இழுதிறன். சுருக்கமாக இருக்கிறது, எல்லாருக்கும் புரியும்.

சுருக்கம் சரி. ஆனால் தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பவர் என்பது திறன். குதிரைத்திறன் அப்படித்தான் வந்தது. எஃபிசியன்சி பயனுறுதிறன். மொமென்ட் ஆஃப் இனெர்ஷியாவும் நிலைமத் திருப்புத்திறன் ஆகிவிட்டது. ஏற்கெனவே இத்தனை வேலை பார்க்கும் சொல்லை வண்டி அட்டவணையிலும் கொண்டுவந்து வைத்தால், ‘குதிரைத்திறன்’ என்ற கட்டத்துக்கு அடுத்த கட்டத்திலேயே ‘இழுதிறன்’ நிற்கும். படிப்பவர் இரண்டையும் இன்ஜினின் குணமாகவே எடுத்துக்கொள்வார். இன்ஜின் பெரிதானால் இழுக்கும் எடையும் கூடும், ஏற்றும் எடையும் கூடும் என்று நினைப்பார். வண்டி தேர்ந்தெடுக்கும்போது பலர் சறுக்கும் இடமே இதுதான். ஈழத்து நண்பர் சொன்ன ‘இழுவலு’விலும் இதே சிக்கல் இருக்கிறது. அங்கே பவர் என்பதற்கே வலு என்றுதானே சொல்கிறார்கள்?

கணக்கில் வைத்துப் பார்ப்போம். 2021இல் புதிதாக வந்த ஃபோர்டு எஃப்-150இல் 3.5 லிட்டர் டர்போ வி6 (ஆறு சிலிண்டர்), 5.0 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) என்று இரண்டு இன்ஜின்களை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் 400 குதிரைத்திறன். ஆனால் வி6இன் உச்ச முறுக்குவிசை (டார்க், இன்ஜின் தன் தண்டைத் திருகும் வலிமை) நிமிடத்துக்கு 3,100 சுற்றில் 500 பவுண்டு-அடி, வி8க்கு 4,250 சுற்றில் 410. குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையையும் சுற்றையும் பெருக்கி 5,252ஆல் வகுத்தால் கிடைப்பது. 3,100 சுற்றில் வி6 ஏறத்தாழ 295 குதிரைத்திறன் தருகிறது. அதே சுற்றில் வி8 தன் முழு முறுக்குவிசையைத் தந்தால்கூட 242ஐத் தாண்டாது. ஏற்றத்தில் டிரெய்லரோடு போகும்போது வி8 கியரைக் குறைத்து, சுற்றைக் கூட்டி, சத்தமாக வேலை செய்யும். வி6 நிதானமாக ஏறும். இதை நம் ஓட்டுநர்கள் ‘புல்லிங்’ என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். ஆக, இன்ஜினைப் பற்றிய பேச்சு இந்த இரண்டு கட்டங்களோடு முடிந்துவிடுகிறது: குதிரைத்திறன், முறுக்குவிசை.

டோயிங் எண் வேறு வகை. அதே வி6 இன்ஜினை வைத்துக்கொண்டு பின் ஆக்ஸில் ரேஷியோவை (பின் அச்சின் பல்சக்கர விகிதத்தை) மாற்றினால், கேபினைப் பெரிதாக்கினால், 4×4 (நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜினின் ஓட்டம் போகும் அமைப்பு) சேர்த்தால் அந்த எண் மாறுகிறது. அது எப்படி முடிவாகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி ஒரு எண்ணை அறிவித்துக்கொண்டிருந்தது. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇயின் ஜே2807 என்ற பொதுத் தரம் வந்த பிறகுதான் ஒப்பிட முடிகிற நிலை வந்தது. அந்தத் தரத்தின்படி, அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே உள்ள சுமார் 18 கிலோமீட்டர் மலையேற்றத்தில், 38 டிகிரிக்குக் குறையாத வெயிலில், ஏசியை முழுதாக ஓடவிட்டு, டிரெய்லரோடு ஏற வேண்டும். சாதாரணப் பிக்கப் வழியில் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சூடேறிப் படுத்துவிடக் கூடாது. 12 சதவீத ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். பிரேக்குக்கும், டிரெய்லர் அலைபாயாமல் இருப்பதற்கும் தனித்தனிச் சோதனைகள் உண்டு. இவற்றில் எது முதலில் கைவிடுகிறதோ, அந்த இடம்தான் எண்ணாக வருகிறது. ரேடியேட்டர், பிரேக், சேசிஸ் (அடிச்சட்டம்), டிரெய்லரைக் கோக்கும் கொக்கி எல்லாம் சேர்ந்து போடும் எல்லைக்கோடு அது. எல்லையை வரம்பு என்றுதானே சொல்ல வேண்டும்?

பேலோட் இன்னும் தெளிவு. வண்டியும் ஆளும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்று தயாரிப்பாளர் விதித்த அளவிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் வருவது பேலோட். அமெரிக்க வண்டிகளில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கச் சட்டத்தில் ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை எடையை ஒருபோதும் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். ‘உன்னால் முடியும்’ என்று சொல்லவில்லை, ‘தாண்டாதே’ என்று சொல்கிறது. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் எண் மிகக் குறைந்த எடை கொண்ட அமைப்புக்கானது. சன்ரூஃப், பெரிய சக்கரம், 4×4 என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க அது தேயும். அட்டவணை தயாரிக்கும் நண்பர், வாங்குபவர் எந்த வண்டியைப் பார்க்கிறாரோ அந்த வண்டியின் ஒட்டுத்தாளில் உள்ள எண்ணையே நம்ப வேண்டும் என்று ஒரு வரி கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.

இன்ஜினுக்கும் பேலோடுக்கும் நேர் உறவில்லை என்பதற்கு நம் ஊர்ச் சாலையே போதும். மஹிந்திரா பொலேரோ மேக்ஸ் பிக்கப்பின் எச்டி வரிசையில் 80 குதிரைத்திறனும் 220 நியூட்டன்-மீட்டரும் கொண்ட வண்டி 2 டன் வரை ஏற்ற அனுமதி பெற்றது. இந்தியாவில் விற்கும் டொயோட்டா ஹைலக்ஸின் ஆட்டோமேட்டிக் வண்டியில் 204 குதிரைத்திறன், 500 நியூட்டன்-மீட்டர். அதன் பேலோட் ஒரு டன்னைக்கூடத் தொடாது. ஸ்பிரிங் பட்டை, பின் ஆக்ஸில், டயர், சேசிஸ் இவைதான் அங்கே தீர்ப்புச் சொல்கின்றன. இந்த நிலையில் ஹைலக்ஸின் ‘சுமைதிறன்’ குறைவு என்று எழுதினால், ஏதோ இன்ஜினில் வலுவில்லை என்பது போலத் தொனிக்கும்.

எனவே என் பரிந்துரை: பேலோடுக்கு ஏற்றுசுமை வரம்பு, டோயிங் கெப்பாசிட்டிக்கு இழுசுமை வரம்பு. இரண்டும் வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது. ‘ஏற்றுச்சுமை’ என்று எழுத வேண்டாம். ‘இழுவை வரம்பு’ என்று ஒரு நண்பர் சொன்னதையும் யோசித்தேன். ஆனால் இழுவை என்றால் நம் ஓட்டுநர்களுக்கு மேலே சொன்ன புல்லிங்தான் நினைவுக்கு வரும். சுமை என்பதை உள்ளே வைத்தால் பேச்சு இன்ஜினை விட்டுப் பின்னால் இருக்கும் எடைக்குப் போய்விடும்.

அப்புறம், இந்த இரண்டு சொற்களையும் ஒன்றோடொன்று கட்டும் மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை. டிரெய்லர் தன் எடையில் ஒரு பகுதியை வண்டியின் பின் கொக்கி மேல் அழுத்தும். பொதுவாக 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள். குறைந்தால் டிரெய்லர் ஆட்டம் போடும். இதைக் கொக்கிச் சுமை என்று சொல்லலாம். முக்கியமான விஷயம், கொக்கிச் சுமை ஏற்றுசுமைக் கணக்கில் சேரும். 3,000 கிலோ டிரெய்லர் என்றால் கொக்கியில் 300 முதல் 450 கிலோ. வண்டியின் ஏற்றுசுமை வரம்பு 700 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஆட்களுக்கும் சாமானுக்கும் மிஞ்சுவது 250 முதல் 400 கிலோதான். குடும்பத்தில் ஐந்து பேர் ஏறினாலே தீர்ந்துவிடும். இழுசுமை வரம்பு 5,000 கிலோ என்று அட்டையில் போட்டிருந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு அது எட்டாது. மூன்று சொற்களிலும் சுமை முன்னால் நின்றால் வாசகர் தானே இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்ப்பார். ‘இழுதிறன் 5,000 கிலோ’ என்று எழுதினால் போடமாட்டார்.

மற்றவை சுருக்கமாக. காலி வண்டி எடைக்கு ‘வெற்றெடை’ போதும். வண்டியின் உச்ச அளவுக்கு ‘மொத்த எடை வரம்பு’, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த அளவுக்குக் ‘கூட்டெடை வரம்பு’. டார்க்குக்கு முறுக்குவிசையே இருக்கட்டும். அது விசை அல்ல, அலகு நியூட்டன்-மீட்டர் என்ற நண்பரின் மறுப்பு இயற்பியலில் நியாயமானது. ஆனால் வண்டி பற்றித் தமிழில் படிப்பவர்களுக்கு இந்தச் சொல் பழகிவிட்டது, அதனால் வாங்குபவர் யாரும் ஏமாறவும் இல்லை. பிக்கப் என்பதைப் பிக்கப் என்றே விடலாம். டாடா ஏஸுக்குக் குட்டியானை என்று பெயர் வைத்த மக்கள் இதற்கும் ஒன்று வைத்தால் அப்போது மாற்றிக்கொள்வோம்.

ஈழத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி. ஹிட்ச் என்பதற்கு அங்கே ‘கொழுவி’ வழக்கில் இருக்கிறதா? இருந்தால் ‘கொழுவிச் சுமை’ என்பது கொக்கிச் சுமையைவிடப் பொருத்தம், ஏனென்றால் டிரெய்லரைக் கோக்கும் பந்துமுனை கொக்கி வடிவில் இல்லை. உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு அட்டவணையின் அந்தக் கட்டத்தை நிரப்பலாம்.

அன்புடன்.